உழைப்புக்குக் கூலியும் உறைவதற்கு இடமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நாம் பேசாது விட்டுவந்த ஒரு விஷயத்தை இன்று பேச விரும்புகின்றோம். அறிவு வளர்ச்சி மந்தமாயமைந்தோர் நம் லயங்களிலும் உளர். அவர்களை நாம் பட்டினி போடுவதில்லை. தண்ணீர் சுமக்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள், மாடு பார்க்கிறார்கள். ஆனால் அவ்வுழைப்புக்குக் கூலியும் இல்லை. செக்ரோலில் பெயரும் இல்லை.

தோட்டத்திலே வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. காம்பரா, வேலை செய்பவர் பெயரால் வருவது. பெற்றோர் கண்மூடிய பின், பெயர் பதியாத பிள்ளையின் கதி யாது? தமையன் வீட்டு இஸ்தோப்பு. அங்கே மனம் கோணினால் அதுவும் இல்லை.

"இவர்களால் வேலை செய்ய முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் 1970களில் மார்க் கோல்ட் என்னும் கல்வியாளர், ஒன்றுக்கும் உதவார் எனத் தள்ளப்பட்டோருக்கு, 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்பித்தார். வேலையைச் சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றாகப் பழக்குவதே அவர் முறை. தவறணையில் பைகளுக்கு மண் நிரப்புவதும், ரப்பர் மலையில் ஒட்டுப்பால் சேர்ப்பதும் அதனினும் கடினமோ? பொறுமையுள்ள தோழர் ஒருவர் உடன் நின்று பழக்கவேண்டும், அவ்வளவே.

சட்டமும் நம் பக்கமே. 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 1996இல் அவர்தம் உரிமைகளுக்கெனச் சட்டம் பிறந்தது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, எங்கே யாருடன் வாழ்வதென்று தெரிவு செய்யும் உரிமையையும், 27ஆம் உறுப்புரை வேலை உரிமையையும் கூறுகின்றன. ஏட்டிலுள்ளதைப் பெரட்டுக்களத்திற்குக் கொண்டுவருவது நம் கடன்.

ஆகவே வாலிபர்களே, மூன்று பணிகளை மேற்கொள்வோம். முதலாவது, இவர்களுக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பெற்றுக்கொடுப்போம். இரண்டாவது, தோட்ட நிருவாகத்துடன் பேசி, ஏற்ற வேலையில் சொந்தப் பெயரில் பதியச் செய்வோம். அப்போதுதான் சம்பளத்தோடு, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியும் அவர் பெயரில் சேரும். மூன்றாவது, காணியும் வீடும் வழங்கப்படும் இடங்களில், பத்திரத்தில் அவர்களது குடியிருப்புரிமையும் எழுதப்பட வேண்டுமெனக் கேட்போம்.

அவர்கள் வேண்டுவது இரக்கமன்று, இடம். அடுத்த ஆண்டு விழாவிற்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் பெயராவது செக்ரோலில் ஏறட்டும்.