நீர் போகும் வழி



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர், நெடுநாள் வாடகை வாழ்வுக்குப் பின் அடுக்குமாடிக் கட்டடத்தில் சிறு வீடொன்றைச் சொந்தமாக்கிக் கொள்கிறோம். பிறகு, ஊரில் தனித்திருக்க இயலாத தாயாரோ தந்தையாரோ நம்மிடம் வந்து சேர்கின்றனர். அப்பொழுதுதான் குளியலறையின் குறைகள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. தரையோடு பதித்த கழிப்பீடத்தில் குந்தி எழ முதியோரால் இயலுவதில்லை. அதை அடைவதற்கு ஈரத்தரையையும் கடக்க வேண்டியிருக்கிறது. அறையை மாற்றியமைத்தால் என்ன என்னும் எண்ணம் எழுகிறது.

தில்லியில் எங்கள் இல்லத்திலும் அவ்வெண்ணம் எழுந்தது. ஜன்னலோரம் இருந்த கழிப்பீடத்தைக் கதவருகே கொண்டுவர முடிவு செய்தோம். கடைக்குச் சென்று டைல்களின் நிறத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டோம். வேலையைப் பார்வையிட வந்த பிளம்பர், ஒடிசா மாநிலத்துக் கேந்திரபாடா மாவட்டத்தவர். வடநாட்டு நகரங்களில் குழாய்த் தொழில் செய்வோரில் மிகப் பலர் அம்மாவட்டத்தினரே; நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். அவர் டைல்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, வெளிச்சுவரோடு இறங்கும் பெருங்குழாயைப் பார்த்தார். பிறகு, “பாபுஜி, இதற்கு டலான் எங்கிருந்து கிடைக்கும்?” என்று வினவினார்.

டலான் என்னும் இந்திச் சொல்லை நம் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்குச் சொல் தெரியும். அதன் முழுப் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

நல்ல நீர் மேல்தொட்டியிலிருந்து அழுத்தத்தோடு வருவது. குழாய் ஏறினாலும் இறங்கினாலும் தொடர்ந்து செல்லும். கழிவு நீரோ தன் எடையாலேயே ஓட வேண்டும். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பது வழக்கமான கணக்கு. பெருங்குழாயிலிருந்து 6 அடி தள்ளிக் கழிப்பீடத்தை வைத்தால், குழாயின் பருமனோடு ஏறத்தாழ 2 அங்குல இறக்கத்துக்கும் தரைக்கடியில் இடம் வேண்டும். குளியலறைத் தளம் முழுவதையும் பள்ளமாக அமைத்த கட்டடங்களில் இதற்கு வழியுண்டு. எங்கள் வீட்டிலோ பழைய பீடத்தின் அடியில் மட்டுமே பள்ளம் இருந்தது. ஆகவே தரையை உயர்த்த வேண்டும். அல்லது தளத்தைத் துளைத்துக் கீழ்வீட்டாரின் தலைக்கு மேல் குழாயைத் தொங்கவிட வேண்டும். தாயார் இடறாதிருக்க வேண்டுமென்று தொடங்கிய நாங்கள், அவர் இடறுவதற்கே ஒரு படியைக் கட்டவிருந்தோம்!

இறுதியில் கழிப்பீடம் பழைய இடத்திலேயே நின்றது; உயரம் மட்டும் கூடியது. வழியில் இருந்த குளிக்கும் இடம் ஜன்னலோர மறுமூலைக்குச் சென்றது. சிறு குழாயே போதுமான கைகழுவும் தொட்டி கதவருகே வந்தது. கதவிலிருந்து பீடம் வரை உலர்ந்த தரை. சுவரில் பற்றிக்கொள்ள ஒரு கம்பி. இவ்வளவே அவருக்குத் தேவையாயிருந்தது.

இத்தகைய பணியை மேற்கொள்வோர் முதலில் பெருங்குழாயின் இடத்தைத் தாளில் குறித்து, அதற்கேற்ப மற்றவற்றை வரைவது நலம். பீடத்தை வாங்குமுன், சுவரிலிருந்து கழிவுத் துவாரத்தின் நடு வரை அளத்தல் வேண்டும். பூச்சு, டைல் ஆகியவற்றின் கனத்தையும் கணக்கிடாவிடில் பீடம் பொருந்தாது. ஒவ்வொரு வடிகாலுக்கும் நீர் தங்கும் வளைகுழாய் இன்றியமையாதது. அதில் தேங்கும் 2 அங்குல நீரே சாக்கடை வாயுவைத் தடுக்கும் பூட்டு. 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பீடத்தில் அமைந்த அந்த எளிய வளைவு இன்றும் நம்மைக் காக்கிறது. கெய்சரிலிருந்து வரும் குழாய் வெந்நீரைத் தாங்கும் சிபிவிசி வகையாக இருத்தல் வேண்டும். சாதாரண பிவிசி இளகிவிடும்.

சுவரை மூடுமுன் குழாய்களில் அழுத்தத்தோடு நீரேற்றிக் கசிவு பார்த்து, அவை செல்லும் வழியைப் படம் எடுத்து வைப்பது பின்னாளில் துளையிடுவோருக்கு உதவும். நீர்க்காப்புப் பூச்சு உலர்ந்தபின், டைல் பதிக்குமுன், 48 மணி நேரம் தரையில் நீரைத் தேக்கிச் சோதிக்க வேண்டும்.

அச்சோதனையில் நமக்குத் துணை வேண்டியவர் கீழ்வீட்டார். வேலை தொடங்குமுன் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியைப் பெறுவதோடு, அவர்களிடமும் நேரில் சென்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் சென்று சொன்னோம். பஞ்சாபிக் குடும்பத்தின் மூதாட்டி இரண்டு நாளும் தம் கூரையை அண்ணாந்து பார்த்து, ‘ஸீலன்’, அதாவது ஈரக்கசிவு, சிறிதும் இல்லையென்று மேலே வந்து அறிவித்தார். அன்று முதல் அவரும் எங்கள் தாயாரும் மொழி ஒன்றின் உதவியுமின்றி நண்பர்களாயினர்.

நம் வீட்டின் தரை மற்றொருவர் வீட்டின் கூரை. உற்றார் தொலைவில் இருக்கும் ஊரில், அக்கூரையின் கீழ் வாழ்வோரே நமக்கு உற்றார். நீர் போகும் வழியை முதலில் நினைப்போமாயின், அவர்களுக்கும் நமக்கும் இடையே கசப்புக்கு வழியிராது.