கடல் கடந்த காய்

‘மேங்கோ’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘மாங்காய்’ என்பதிலிருந்து வந்தது என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் யூலும் பர்னெலும் இதையே எழுதினார்கள். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகளில் தேர்ச்சி உள்ளவர். ஆக, செய்தி பழையது, அதற்கு விழும் கைதட்டலும் பழையது. கைதட்டி முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை. இனிப்புக்குப் பேர்போன ஒரு பழத்துக்கு அயலார் ஏன் அதன் காயின் பெயரை வைத்துக்கொண்டார்கள்? நம்மிடம் ‘மாம்பழம்’ என்ற சொல் இல்லையா? இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இல்லாமலும் இல்லை. என் விடை இதுதான்: கடல் கடந்தது உண்பவரின் சொல் அன்று, விற்பவரின் சொல். அந்தச் சொல் எங்கெங்கே எந்தப் பொருளில் தங்கியது என்று பார்த்தால், எங்கெங்கே எந்தச் சரக்கு போய் இறங்கியது என்பது தெரிந்துவிடும்.

முதலில் சொல்லின் உருவத்தைப் பார்ப்போம். மரத்தின் பெயர் மா. அதோடு காய் சேரும்போது இடையில் ஒரு மெல்லெழுத்து தோன்றுகிறது. க-வுக்கு முன் ங், ப-வுக்கு முன் ம். எனவே மாங்காய், மாம்பழம். மரப்பெயர்கள் பிற சொற்களோடு புணரும் முறையைத் தொல்காப்பியம் தனியே எடுத்துப் பேசும் அளவுக்கு இது பழைய வழக்கு. கன்னடத்தில் மாவினகாயி, தெலுங்கில் மாமிடிகாய. இரண்டிலும் காய் இருக்கிறது, இந்த ங் இல்லை. ஆகவே ஐரோப்பியச் சொல்லின் நடுவில் நிற்கும் ங் ஒலி, தமிழும் மலையாளமும் வழங்கும் நிலப்பகுதியை விட்டு வெளியே நம்மைத் தேட விடுவதில்லை. ‘மாங்கனி’யிலும் ங் உண்டே, அது ஏன் மூலமாக இருக்கக்கூடாது என்று கேட்கலாம். இருந்திருந்தால் கனியின் னகரம் எங்காவது ஒட்டியிருக்கும். போர்ச்சுக்கீசிய ‘மாங்கா’வில் அதன் நிழல்கூட இல்லை. அதோடு, கனி என்பது பாட்டிலும் ஏட்டிலும் மிகுதியாகப் புழங்கும் சொல், பேரம் பேசும் இடத்தில் புழங்கும் சொல் அன்று. நம் யாப்பிலக்கணம் தேமாங்காய், புளிமாங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி என்று சீர்களுக்கு வாய்பாடு வைத்திருப்பது மாணவர்களுக்குத் தெரியும். இந்த வாய்பாடுகளைச் சொல்லும் அமிதசாகரரின் காரிகை என்ற யாப்பு நூல் போர்ச்சுக்கீசியர் வருவதற்கு நான்கைந்து நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டது. கப்பல் வந்த நாளில் மாங்காய் என்ற உருவம் இறுகி நெடுநாள் ஆகியிருந்தது.

அந்தச் சொல்லை ஐரோப்பியர் காதில் போட்டது யார்? மலாக்காவில் மலாய் மக்கள் வழியாகக் கேட்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. மலாயிலும் ‘மங்கா’ என்றே பெயர். ஆனால் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். மலாக்காவைப் போர்ச்சுக்கீசியர் பிடித்தது 1511-இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1510-இல் ரோம் நகரில் அச்சான தன் பயணநூலில் இத்தாலியரான வர்த்தேமா, கோழிக்கோட்டுப் பழங்களைச் சொல்லும்போது ‘மங்கா’வைக் குறிப்பிட்டுவிட்டார். பழத்துக்கு ‘அம்பா’ என்றும் மரத்துக்கு ‘மங்கா’ என்றும் அவர் மாற்றிச் சொன்னது வேறு கதை. கோவாவும் ஒரு சான்று தருகிறது. அங்கே மக்கள் பேசும் கொங்கணியில் பழத்தின் பெயர் ‘ஆம்பொ’. நானூற்றைம்பது ஆண்டு கோவாவை ஆண்டும் போர்ச்சுக்கீசியர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. கோவாவுக்கு வரும்போதே வேறொரு சொல் அவர்கள் வாயில் ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஆகவே ஐரோப்பாவுக்குப் போன வழி மலபார்க் கரை, கொடுத்த வாய் மலையாள வாய். மதுரையில் நின்று இதைச் சொல்வது சிலருக்கு உவப்பாக இருக்காது. சான்று அப்படித்தான் இருக்கிறது.

இங்கேதான் என் கருத்துக்கு எதிரான வலுவான தடை வருகிறது. மலையாளத்தில் ‘மாங்ங’ என்பது பச்சைக் காய்க்கு மட்டும் உரிய பெயர் அன்று; பொதுப்பெயர். பழுத்ததைத் தனித்துச் சொல்ல வேண்டுமானால் மாம்பழம் என்பார்கள். அப்படியானால் போர்ச்சுக்கீசியர் பொதுப்பெயரைத்தானே கேட்டு எழுதினார்கள், அதில் காய் என்ன, பழம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொல்லின் உருவத்தை மட்டும் வைத்து ‘ஐரோப்பியர் கண்டது பச்சைக் காய்’ என்று முடிவு கட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய் என்ற சொல் எப்படிப் பொதுப்பெயர் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பழுக்காதது என்பது காயின் ஒரு பொருள்தான். மரம் காய்க்கிறது என்கிறோம். இந்த ஆண்டு நல்ல காய்ப்பு என்கிறோம். பழமாகவே தின்னப்போகும் மரத்துக்கும் இதே சொல்தான். தேங்காய் முற்றி நெற்றானாலும் தேங்காய்தான். விளைச்சலாக எண்ணும்போது காய், இலையில் வைக்கும்போது பழம். ஊறவைப்பதற்குப் பழுத்த எலுமிச்சையை எடுத்தாலும் ஊறுகாய் என்கிறோமே ஒழிய ‘ஊறுபழம்’ என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு நூல் சான்று தேடி அலைய வேண்டாம், மதுரை மாட்டுத்தாவணிப் பழ மண்டிக்குப் போனால் போதும். (தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு. கயிற்றின் பெயர் சந்தைக்காகி, சந்தையின் பெயர் இடத்துக்காகி, மாடுகள் போய் 1999-இல் பேருந்து நிலையம் வந்த பிறகும் நிற்கிறது. சரக்கு மாறினாலும் சொல் இருந்த இடத்தில் இருக்கும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.) சித்திரை, வைகாசியில் நத்தம், அழகர்கோயில் பக்கத்துத் தோப்புகளிலிருந்து காசாவும் கல்லாமையும் செந்தூரமும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். போர்டில் எழுதியிருப்பது பழக் கமிஷன் மண்டி. உள்ளே பேச்செல்லாம் காய். காய் வரத்து எப்படி, காய் விளைஞ்சிருக்கா, காம்புப் பால் வத்தியிருக்கா, அடிபட்ட காயைத் தனியாப் போடு. மரத்தில் பழுத்ததை டிரேயில் அடுக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்தால் பாதி நசுங்கிப்போகும். அதனால் விளைந்த காயாகப் பறித்து, காயாக விலை பேசி, காயாகத்தான் ஏற்றுகிறார்கள். வைக்கோலிலோ எத்திலீன் அறையிலோ பழுப்பது அதற்குப் பிறகு. கார்பைடு கல்லுக்குத் தடை இருப்பதும், அதையும் மீறிச் சிலர் வைப்பதும் இந்த இடைவெளியில் நடப்பவை. தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவும்போதுதான் அது மாம்பழம் ஆகிறது. குளிர்பெட்டி இல்லாத 1500-இல் இது இன்னும் கறாராக இருந்திருக்கும். துறைமுகத்துக்கு வந்த வெளியூரான் முதலில் கேட்கும் சொல் மண்டிச் சொல்லாகத்தானே இருக்க முடியும்?

இனி கிழக்கே போவோம். மலாய் மொழியில் மாவுக்கு ‘பாவு’ என்று சொந்தப் பெயர் உண்டு. இருந்தும் நம்மிடமிருந்து ஒன்றுக்கு இரண்டு பெயர்களை வாங்கியிருக்கிறார்கள்: ‘மங்கா’, ‘மெம்பலம்’. முன்னது மாங்காய், பின்னது மாம்பழம். வணிகர் சொல்தான் கடல் கடந்தது என்றால் ‘மெம்பலம்’ எப்படிப் போனது? இதை என் கருத்துக்கு இடையூறாக நான் நினைக்கவில்லை. சுமத்ராவின் பாரூஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது. வந்து இறக்கிவிட்டுப் போனவர்கள் மட்டும் அல்லர் அவர்கள். தங்கினார்கள், வரி வாங்கினார்கள். கடையும் கப்பலும் பெட்டியும் ‘கெடாய்’, ‘கப்பல்’, ‘பெத்தி’ என்று மலாயில் வாழ்வது அந்தத் தொடர்பால்தான். தமிழர் குடியிருந்த இடத்தில் மண்டிச் சொல்லும் போயிற்று, வீட்டுச் சொல்லும் போயிற்று. மலேசியாவின் வடபகுதியில் ‘மெம்பலம்’ இன்றும் வழக்கில் உண்டு. சரக்கு மட்டும் போன ஐரோப்பாவுக்கு ஒரே சொல்தான் போனது.

ஐரோப்பாவுக்கு எந்த உருவில் சரக்கு போனது? கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் மாம்பழத்தைப் புகழ்ந்து எழுதினார். அங்கிருந்த போர்ச்சுக்கீசியர் பழமாகவே தின்றார்கள், ஒட்டுக்கட்டிப் புதிய வகைகளும் கண்டார்கள். ஆனால் ஆறு மாதக் கடற்பயணத்துக்குப் பழம் தாங்காது. தாங்கியது ஊறுகாய். கோவாவில் சில ஆண்டுகள் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் 1596-இல் வெளியிட்ட நூலில், மாங்காயைப் பிளந்து உள்ளே இஞ்சியும் பூண்டும் அடைத்து ஊறவைக்கும் முறையைச் சொல்கிறார். ‘மங்காஸ் ரெச்சியாதாஸ்’, அதாவது அடைத்த மாங்காய் என்பது அதன் பெயர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நூறு ஆண்டு தள்ளி, 1699-இல் லண்டனில் ஜான் ஈவ்லின் எழுதிய ‘அசெட்டாரியா’ என்ற நூலைப் பாருங்கள். காய்கறிப் பச்சடிகளைப் பற்றிய நூல். அதில் ‘வெள்ளரிக்காய் மேங்கோ’ என்று ஒரு பக்குவம் வருகிறது. பெரிய வெள்ளரியைக் கீறி, விதையை எடுத்துவிட்டு, பூண்டை உள்ளே வைத்து, வினிகர் ஊற்ற வேண்டும். மருந்துக்குக்கூட மாங்காய் இல்லை! பக்குவம் அதே பக்குவம், பெயரும் அதே பெயர், காய் மட்டும் அவர்கள் தோட்டத்துக் காய். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலச் சமையல் வழக்கில் இது வினைச்சொல்லாகவே ஆனது. ஒன்றை ‘மேங்கோ செய்வது’ என்றால் அடைத்து ஊறவைப்பது. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் பிஞ்சு முலாம்பழத்தையும் குடைமிளகாயையும் இப்படிச் செய்தார்கள். ஒஹாயோ, இண்டியானா பக்கத்தில் பச்சைக் குடைமிளகாய்க்கே ‘மேங்கோ’ என்ற பெயர் ஒட்டி, 20-ஆம் நூற்றாண்டிலும் வழங்கியது. பழம் போயிருந்தால் அதன் பெயர் குடைமிளகாய் மேல் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. ஜாடி போனது, ஜாடிக்குள் இருந்ததன் பெயர் போனது.

இது தற்செயல் என்று யாராவது சொன்னால், காய் என்ற பகுதியே இல்லாத இன்னொரு சொல்லை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். வடமொழி ‘ஆம்ர’ வழியில் வந்த ‘ஆம்’, ‘ஆம்பா’ என்பவை பழத்தையே முதன்மையாகக் குறிப்பவை. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இப்னு பதூதா இதை ‘அன்பா’ என்று எழுதி, உதிர்ந்த பச்சைக் காயை உப்பிட்டு ஊறவைப்பதையும் கூடவே சொன்னார். இன்று பாக்தாதில் ‘அம்பா’ கேட்டால் என்ன வரும்? மஞ்சள் நிறத்தில், புளிப்பும் வெந்தய வாசமுமாக மாங்காய் ஊறுகாய்ச் சாறு வரும். பம்பாய்க்கும் பாக்தாதுக்கும் இடையே வணிகம் செய்த யூதர்களால் பேர்பெற்ற சரக்கு அது. பழம் வேண்டுமென்றால் அரபு நாடுகள் பலவற்றில் ‘மங்கா’ என்றோ ‘மாங்கோ’ என்றோதான் கேட்க வேண்டும். பழத்தைக் குறித்த சொல், ஊறுகாய் மட்டும் போய்ச் சேர்ந்த ஊரில் ஊறுகாயாகச் சுருங்கிவிட்டது. வேர் வேறாக இருந்தும் விளைவு ஒன்றே என்பதால், காரணம் சொல்லின் இலக்கணத்தில் இல்லை, சரக்கில் இருக்கிறது என்று கொள்கிறேன்.

‘மா’ என்பதே ‘ஆம்ர’ திரிந்தது என்பாரும் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் வாதம் அந்த வேரில் நிற்கவில்லை. ஙகரமும் காயும் சேர்ந்த தொடர்ச்சொல்லில் நிற்கிறது. வேரை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தாலும் தொடர் நம்முடையது. பெயர் நம்முடையது என்பதால் மரமும் நம்முடையது என்று பாய்வோருக்கும் ஒரு சொல்: மாவின் காட்டு மூதாதையரைத் தாவரவியலார் வடகிழக்கு இந்தியாவிலும் பர்மாப் பக்கத்திலும் தேடுகிறார்கள். 1753-இல் லின்னேயஸ் ‘மாங்கிஃபெரா இண்டிகா’, அதாவது இந்தியாவின் ‘மாங்கா தரும் மரம்’ என்று பெயரிட்டபோது மரத்துக்குக்கூட நம் காய்தான் அடையாளம் ஆனது. அதனால் மரம் அழகர்மலையில் பிறந்ததாகிவிடாது.

போன சொல் இப்போது திரும்பியும் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூழ் ஆலைகளில் பெரும்பாலும் அரைபடுவது தோத்தாப்புரி. நம் தெருவில் அதற்குக் கிளிமூக்கு மாங்காய் என்று பெயர். மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவி விற்கிறார்களே, அதேதான். அந்தக் கூழ் பாட்டிலில் அடைபட்டு ‘மேங்கோ’ என்ற பெயரோடு அதே பேருந்து நிலையத்துக் கடையில் வந்து நிற்கிறது. மண்டியில் யாரும் ‘ரெண்டு கிலோ மேங்கோ’ என்று கேட்பதில்லை. பழம் மாம்பழமாகவும் காய் மாங்காயாகவும் இருக்கின்றன. குளிர்பானக் கடையிலோ ‘ஒரு மேங்கோ குடுங்கண்ணே’ என்றால் பாட்டில் வருகிறது. இங்கிலாந்தில் அடைத்த வெள்ளரியாகவும், ஒஹாயோவில் குடைமிளகாயாகவும் நின்ற அந்தச் சொல், இங்கே பாட்டில் பானமாக நிற்கிறது. பாக்தாதில் ‘அம்பா’வுக்கு நேர்ந்ததும் இதுவே. அடுத்த தமிழ்ப் பேரகராதியைத் தொகுப்பவர்கள் மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பக்கத்தில் மேங்கோவுக்குத் தனிப் பதிவு போட வேண்டியிருக்கும். ‘மாம்பழத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்’ என்று அவர்கள் பொருள் எழுதினால் அது தவறாகும்.