நம்ம உழைப்பும் பங்குதான்

(மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் கூடிய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கிழமை ஒரு அம்மா என்னிடம் கேட்டாங்க: "ஐயா, எங்க லயத்துக் கான் உடைஞ்சு கிடக்கு. மழை பெஞ்சா தண்ணி காம்பிராவுக்குள்ள வருது. யாருக்கு மகஜர் எழுதணும்?"

மகஜர் எழுதலாம். அதற்கு முன்னால் வேறொரு ஊர்க் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவிலே சியாட்டில் என்று ஒரு நகரம். அந்த நகரசபை 1988ஆம் ஆண்டு ஒரு நிதியைத் தொடங்கியது. குடியிருக்கிற சனங்களே ஒன்றுகூடி, தங்கள் பகுதிக்கு என்ன வேலை வேண்டுமென்று திட்டம் போட்டுக் கொண்டு போகவேண்டும். நகரசபை பணம் தரும். சனங்களும் தங்கள் பங்கைப் போடவேண்டும்.

பங்கு என்றதும் பயப்படாதீங்க. காசு மட்டும் பங்கு இல்லை. மண் வெட்டினால், சுவருக்குச் சாயம் பூசினால், அந்த மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று பெறுமதி போட்டு எழுதிக் கொள்வார்கள். நம்ம செக்ரோலில் பேர் விழுகிற மாதிரிதான். யாராவது பலகையோ சீமெந்தோ கொடுத்தால் அதுவும் பங்குதான்.

அங்கே ஒரு பாலத்துக்கு அடியில் குப்பை கொட்டிக் கிடந்தது. 1990இல் இந்த நிதியின் உதவியோடு அந்த இடத்தில் 18 அடி உயரப் பூதச் சிலை ஒன்றைக் கட்டினார்கள். இன்றைக்குத் தூரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆரம்பத்தில் 150,000 டொலராக இருந்த நிதி, 2001இல் 45 இலட்சம் டொலராக வளர்ந்தது.

"அது பணக்கார நாடு, நமக்கு யார் தருவா?" என்று நினைப்பீங்க. நியாயம்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தால், சபைப் பணம் நம்ம லயங்களுக்கு வர வழி இல்லாமல் இருந்தது. வாக்குப் போட்டோம், வேலை நடக்கவில்லை. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். கதவு திறந்திருக்கிறது, நாம்தான் போய்க் கேட்கவேண்டும்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். முன்பு நான் வேலை செய்த தோட்டத்தில், வெளியார் வந்து குழாய் போட்டுக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் வேண்டுமென்று சனங்களிடம் நானும் கேட்கவில்லை. அடுத்த மழைக்குள் குழாய் உடைந்தது. "அது அவங்க குழாய்" என்று யாரும் தொடவில்லை. பிள்ளைகள் திரும்பவும் குடத்தோடு பீலிக்குத்தான் போனார்கள். குற்றம் என்னுடையதும்தான்.

ஆகவே இந்தக் கானுக்கு இப்படிச் செய்வோம். லயத்தில் எல்லோரும், முக்கியமாகப் பெண்கள், கூடிப் பேசுங்கள். எத்தனை அடி, எத்தனை மூட்டை சீமெந்து என்று கணக்குப் போடுங்கள். யார் யார் எத்தனை நாள் சிரமதானம் செய்வாங்க என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். துரையிடமும் சொல்லுங்கள். பிறகு அந்தக் கொப்பியோடு சபைக்குப் போவோம். நானும் கூட வருகிறேன்.

வெறுங்கையோடு போனால் மனு. நம்ம உழைப்பை எழுதிக்கொண்டு போனால் பங்காளி.

கொப்பியை நான் வாங்கித் தருகிறேன். முதல் பேரை யார் எழுதப் போறீங்க?