தலைப்பெழுத்தில் வாழும் ஊர்



பெயரின் பின்னே குடும்பப் பெயர் தாங்குவோர் உலகிற் பலர். உக்ரைன் நாட்டில் 'என்கோ' என முடியும் பெயர்கள் மிகுதி. அவ்விகுதி மகன் என்னும் பொருளது. கொவாலென்கோ என்றால் கொல்லன் மகன். அந்நாட்டுப் பெருங்கவிஞர் செவ்சென்கோவின் பெயரோ செருப்புத் தைப்பவர் மகன் எனப் பொருள்படும். நம் தங்கவயலுக்கு வந்த கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தாருள் 'டிரெ' எனத் தொடங்கும் பெயரினர் உண்டு. அச்சொல் குடியிருப்பைக் குறிக்கும். ஆங்கே தொழிலும் ஊரும் பெயராயின.

தமிழராகிய நாமோ ஊரையும் தந்தையையும் தலைப்பெழுத்தாக முன்னே வைத்தோம். ம. பொ. சிவஞானம் என்னும் பெயரில் மயிலாப்பூரும் தந்தை பொன்னுசாமியும் உறைகின்றனர். பெயரின் பின் சாதிப்பட்டம் வேண்டாவென 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தலைப்பெழுத்து அப்பட்டத்தைச் சொல்வதில்லை. அதுவே அதன் சிறப்பு.

வடார்க்காடு முதலிய மாவட்டங்களினின்று வந்து, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் 10,000 அடிக்கும் கீழே இறங்கி உழைத்தோர் நம் முன்னோர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். அங்கே விண்ணப்பத் தாள் குடும்பப் பெயரை வினவுகிறது, தந்தை பெயரை நிரப்புகிறோம், ஊரெழுத்து உதிர்கிறது. எழுத்து உதிர்ந்தால் ஊரின் நினைவும் உதிருமன்றோ?

ஆதலின், பாட்டனார் பெயரின் தலைப்பெழுத்துகளை விரித்து வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அன்னை பிறந்த ஊர் எந்தத் தலைப்பெழுத்திலும் இல்லை. அதனையும் சேர்த்தே எழுதுவோம்.