ஒப்புரவு



மைசூருக்குச் சென்றவர்கள் புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கூர்ங்கோபுரங்களைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 1843ஆம் ஆண்டில், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் எழுந்த ஒரு கோயில் அங்கே இருந்தது. அவ்விடத்தில் 1933இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்ட, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைத் தழுவி இவ்வாலயம் எழுந்தது. இதன் தரையமைப்பு சிலுவை வடிவானது. தண்டனைக் கருவியொன்றின் வடிவில் வழிபாட்டு இடம் அமைப்பானேன்? ‘ஒப்புரவு’ என்னும் சொல்லில் அதற்கு விடை உண்டு.

இச்சொல் நமக்குப் புதிதன்று. வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்றே ஓர் அதிகாரம் வகுத்து, கைம்மாறு கருதாத மழையை அங்கே எடுத்துக்காட்டினார். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள், கடவுளும் மனிதனும் பகை நீங்கி ஒன்றாதலைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டார்கள். பொருள் சற்றே வேறுபட்டாலும், கைம்மாறு கருதாமை இரண்டிற்கும் பொது.

குற்றம் செய்தவனே முதலில் வந்து பணிய வேண்டும் என்பது உலக வழக்கு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் தூய பவுல் இவ்வழக்கைத் தலைகீழாக்குகிறார். மனிதன் கடவுளைச் சாந்தப்படுத்தவில்லை. கடவுளே கிறிஸ்துவின் வாயிலாக முதலடி எடுத்து வைத்தார் என்கிறார். அப்படியாயின் சிலுவை எதற்கு? மன்னிப்புக்கு விலை உண்டு. கடனைத் தள்ளிக் கொடுத்தால் அத்தொகை மாயமாய் மறைவதில்லை. கொடுத்தவனே நட்டத்தைச் சுமக்கிறான். அவ்வாறு கடவுள் சுமந்த நட்டமே சிலுவை. பலி என்றும் மீட்பு என்றும் இதனைப் பலவாறு விளக்குவர். முதலடி கடவுளுடையது என்பதில் கருத்து வேறுபாடில்லை.

இறைவனோடு ஒப்புரவு, அயலானோடு பகை என்னும் இரட்டை வாழ்வை இயேசு ஏற்கவில்லை. காணிக்கை செலுத்த வந்தவனுக்குச் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு, முதலில் அவனிடம் சென்று சமாதானமாகட்டும் என்றார்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்சொல் நெருக்கமானது. பாகப்பிரிவினையில் நின்றுபோன பேச்சுகள், அழைப்பு வராத திருமணத்தால் முறிந்த உறவுகள் நம் ஊர்களில் எத்தனை! “முதலில் அவன் எழுதட்டும்” என்று இருபுறமும் காத்திருக்க, ஆண்டுகள் கழிகின்றன. தீங்கைத் தீங்கன்று என மழுப்புவது ஒப்புரவாகாது. தீங்கைத் தீங்கென்றே அறிந்து, அதன் பின்னும் முதலடி வைப்பதே ஒப்புரவு.

லூக்கா நற்செய்தி கூறும் ஊதாரி மைந்தன் கதையை அறிவீர்கள். தூர தேசம் சென்று கெட்டுத் திரும்பிய இளையவனைத் தந்தை ஓடிச்சென்று தழுவினார். ஊரிலேயே உழைத்த மூத்தவனோ, சினந்து வாசலிலேயே நின்றுவிட்டான். தந்தை அவனையும் அழைக்க வெளியே வந்தார். அவன் உள்ளே சென்றானா? இயேசு அதைச் சொல்லவில்லை. அக்கதையை முடிக்கும் பொறுப்பைக் கேட்பவரிடமே விட்டுவிட்டார்.