தொண்ணூற்றொன்பதுக்கும் பதினெட்டுக்கும் நடுவே எத்தனை ஆண்டு?



மூணாறிலிருந்தும் குமுளியிலிருந்தும் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நண்பர்களுக்கும், வாளையாறு தாண்டி வந்த கோவைக் கணினித் துறையினருக்கும் என் அன்பு. எல்லைப்புறத் தமிழர் ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது பற்றிய கருத்தரங்குக்கு ஒரு நிரலாளனைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்: இரண்டு தேதிகளுக்கு நடுவே கழிந்த காலத்தைக் கணக்கிடுவது. சின்ன வேலைதானே என்று தோன்றும். முப்பது ஆண்டுத் தொழிலில் இதில் செய்த அளவுக்குத் தப்புகளை நான் வேறெதிலும் செய்ததில்லை.

மூணாறு வெள்ளத்திலிருந்தே தொடங்குகிறேன். குண்டளைப் பள்ளத்தாக்கின் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தை இங்கே எல்லோரும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறோம். கல்லூரி மாணவர்களில் சிலர் அது 1999இல் வந்தது என்று நினைக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு 1099இன் முதல் இரண்டு இலக்கங்களை விழுங்கிவிட்டு நாம்தான் பேசுகிறோம். கிரிகோரியன் கணக்கில் அது 1924 ஜூலை. இரண்டாயிரமாவது ஆண்டு நெருங்கியபோது உலகக் கணினித் துறையையே கதிகலங்கவைத்த இரண்டிலக்கச் சிக்கலை நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உண்டாக்கிவிட்டது!

அந்த வெள்ளத்துக்கும் 2018 வெள்ளத்துக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி? கொல்லம் ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்போம். 2018 ஆகஸ்ட் 16 கர்க்கடகக் கடைசி நாள், ஆண்டு 1193. விடிந்தால் சிங்கம் ஒன்று, ஆண்டு 1194. தண்ணீர் வடியாமல் நின்றபோதே ஆண்டு மாறிவிட்டது. முதல் நாள் குறித்தவர் 94 என்பார், மறுநாள் குறித்தவர் 95 என்பார். போதாக்குறைக்கு, வட மலபாரில் பழைய வழக்கப்படி ஆண்டு கன்னியில்தான் பிறக்கும். அந்தக் கணக்கில் எழுதிய சிங்க மாத ஆவணமும் தெற்கே எழுதிய சிங்க மாத ஆவணமும் ஒரே நாளைக் குறித்தாலும் ஆண்டு எண்ணில் ஒன்று வேறுபடும்.

நம் தமிழ் ஆண்டுப் பெயர்களிடம் போவோம். 1924 வெள்ளம் ரக்தாட்சி ஆண்டில் வந்தது; பிரபவ தொடங்கி எண்ணினால் ஐம்பத்தெட்டாவது. 2018 விளம்பி, முப்பத்திரண்டாவது. முப்பத்திரண்டில் ஐம்பத்தெட்டைக் கழித்தால் குறை இருபத்தாறு. அறுபதைக் கூட்டினால் 34. உண்மையான விடை 94. ஒரு முழுச் சுற்று கண்ணில் படாமல் போய்விட்டது. அறுபதுக்குள் அடங்கும் இடைவெளி என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் இந்தக் கழித்தல் தவறவே தவறாது. தெரியாவிட்டால் பெயர்களை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணினி எண்ணிகளும் இப்படித்தான் சுற்றுகின்றன. 32 பிட்டில் மில்லிநொடிகளை எண்ணும் எண்ணி ஏறத்தாழ 49.7 நாளில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்குள் அடங்கும் இடைவெளிகளை அது சரியாகச் சொல்லும். ஐம்பதாவது நாளில் அதை நம்பியவர் மாட்டிக்கொள்வார். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் பிரபவ, விபவ என்றுதான் ஆரம்பிப்பேன். வெளியூர்ப் பாடநூல்களைவிடச் சீக்கிரம் ஏறுகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். தாளில் எழுதியிருக்கும் தேதி ஒரு பெயர். பெயரைப் பெயரிலிருந்து கழிக்க முடியாது. ஒரே தொடக்கத்திலிருந்து எண்ணிய எண்ணிக்கையை மட்டுமே கழிக்கலாம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கலியுகத் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு நாளையும் விடாமல் எண்ணி வருவது அகர்கணம். மாதம் எத்தனை நாள், ஆண்டு எங்கே பிறக்கிறது என்ற வழக்கெல்லாம் அதில் கிடையாது. மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி நாராயணீயத்தை முடித்த நாளை அதன் இறுதிச் சொல்லில் கடபயாதி எழுத்தெண்களாகப் பொதிந்து வைத்தார்: 1712210ஆம் கலிநாள். அது 1586ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. இன்றைய கலிநாளிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் எத்தனை நாளாயிற்று என்பது ஒரே வரியில் வந்துவிடும். யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுவதும் இதே ஏற்பாடுதான்.

இனி நம் ஆவணங்களுக்கு வருகிறேன். பெரியாறு அணைக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தானது. ஆனால் காலம் ஓடத் தொடங்கியது அதே ஆண்டின் ஜனவரி 1 முதல், 999 ஆண்டு. அணையின் அரசியலுக்குள் நான் போகப்போவதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து மதிய உணவு சாப்பிட வேண்டும். எக்செல்லைத் திறந்து ஒரு கட்டத்தில் 1-1-1886 என்றும் பக்கத்துக் கட்டத்தில் 31-12-2884 என்றும் அடித்துப் பாருங்கள். இரண்டாவது வலப்புறம் ஒட்டும், முதலாவது இடப்புறம் ஒட்டும். காரணம், எக்செல்லின் காலம் 1900இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதி அதற்கு வெறும் எழுத்து. கழிக்கச் சொன்னால் பிழை காட்டும். குத்தகை முடியப்போகும் நாளை ஒத்துக்கொள்ளும் மென்பொருள், அது தொடங்கிய நாளை ஒத்துக்கொள்ளாது! அந்த 1900இலும் இல்லாத பிப்ரவரி 29ஐ அது எண்ணிக்கொள்கிறது. லோட்டஸ் மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே வைத்துக்கொண்ட தவறு. பிழையாவது காட்டுகிறதே என்று சந்தோஷப்படலாம். காட்டாமல் தப்பு விடை தருவதுதான் ஆபத்து.

அப்படி ஒன்று என் கையாலேயே நடந்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பணிக்கொடைக் கணக்கு நிரல் எழுதினேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் 1984 ஏப்ரல் 1இல் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் சேர்ந்து 2019 செப்டம்பர் 25இல் நின்றார். நாட்களைக் கழித்தேன்: 12960. அதை 365ஆல் வகுத்தேன்: 35.507. பாதியைத் தாண்டிவிட்டதே, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு ஆண்டாகக் கொள் என்கிறதே சட்டம், ஆகவே 36 ஆண்டு என்று நிரல் சொன்னது. ஆபீஸ் கிளார்க் விரலை மடக்கி எண்ணினார்: முப்பத்தைந்து ஆண்டு, ஐந்து மாதம், சொச்ச நாள். அவர் சொன்னதே சரி. நடுவே வந்த எட்டு லீப் நாட்களை என் வகுத்தல் ஒரு வாரத்துக்கும் மேல் உபரி வேலையாக ஆக்கிவிட்டது. நிரலைத் திருத்தினேன். அந்த அம்மாளுக்குப் பதினைந்து நாள் கூலி குறைந்தது. வேறெந்தப் பிழையைத் திருத்தியபோதும் எனக்கு இவ்வளவு வருத்தம் வந்ததில்லை.

சட்டத்தின் 'ஆண்டு' கடிகாரத்தின் ஆண்டு அல்ல. 'நாள்' என்பதும் அப்படித்தான். வாளையாற்றைக் கடக்கும் லாரிக்காரர்களைக் கேளுங்கள். சரக்கு ஏற்றிச் செல்ல எடுக்கும் இ-வே பில் ஒரு நாள் செல்லும் என்றால் இருபத்துநான்கு மணி நேரம் அல்ல. எடுத்த தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவு வரை. நள்ளிரவு கழிந்து நான்கு நிமிடத்தில் எடுத்தவருக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம் கிடைக்கும். இரவு பதினொன்றரைக்கு எடுத்தவருக்கு இருபத்துநான்கரைதான். இதை நொடிக் கணக்கில் எழுதிய நிரல், செல்லுபடியான பில்லைக் காலாவதி என்று சொல்லும்.

கடிகாரமே நகர்ந்த கதையும் உண்டு. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை யுத்தத்துக்காக இந்திய நேரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்கும் சோதிடர் அந்த ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் குறிப்பார். பல நிரலாளர்களுக்குத் தெரியாத ஒன்று இது.

2017 ஜனவரி 1 அதிகாலை, நம் நேரம் ஐந்தரைக்கு, உலக நேரத்தில் ஒரு லீப் நொடி சேர்த்தார்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் சில விழுந்தன. தொடங்கிய நேரத்தை முடிந்த நேரத்திலிருந்து கழித்தபோது விடை எதிர்மறையாக வந்துவிட்டது. காலம் பின்னால் போகாது என்று நம்பிக் கோ (Go) மொழியில் எழுதிய நிரல் அது. கோ மொழிக்காரர்கள் அதே ஆண்டு ஆகஸ்டில் தங்கள் மொழியின் நேர நூலகத்தையே திருத்தினார்கள். கணினிக்குள் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்று சுவர்க் கடிகாரம்; யாரும் முள்ளைத் திருப்பலாம். மற்றது நாழிகை வட்டில். இப்போது மணி என்ன என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு ஒழுகிற்று என்று மட்டும் தெரியும். ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்று அளக்க வட்டிலைத்தான் கேட்க வேண்டும்.

இன்று பிற்பகல் தோட்டத்துச் செக்ரோல்களையும் பழைய கிரய ஆவணங்களையும் தட்டச்சு செய்யத் தொடங்கப்போகிறீர்கள். தலைவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். தாளில் உள்ள தேதியைக் கொல்லம் ஆண்டோ, ரக்தாட்சியோ, சூரிய உதயம் முதல் எண்ணும் உதயாதி நாழிகையோ, இருந்தபடியே எழுத்தாக ஒரு பத்தியில் ஏற்றுங்கள். திருத்தாதீர்கள், மாற்றாதீர்கள். அதற்குரிய நாள் எண்ணை அடுத்த பத்தியில் தனியாக எழுதுங்கள். எந்தக் கணக்கில் மாற்றினீர்கள், சிங்கத்தில் பிறக்கும் ஆண்டா கன்னியில் பிறக்கும் ஆண்டா என்பதை மூன்றாவது பத்தியில் குறியுங்கள். ஆண்டு இரண்டே இலக்கமாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல் என்னிடமோ பக்கத்தில் இருக்கும் பெரியவரிடமோ கேளுங்கள்.