அம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடை ஏறினால் நீரிழிவைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செயற்குழுவினரும் அப்படித்தான் கேட்டார்கள். நான் பொப் பாட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அதற்குக் காரணமும் என் தொழில்தான்.

மறதிநோய் உள்ள முதியவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகளிடம் நான் வழமையாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அம்மாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?” அநேகமாக வரும் பதில், “தேவாரம்” அல்லது “பழைய சினிமாப் பாட்டு.” எந்தப் பாட்டு என்று கேட்டால் பிள்ளைகள் ஆளையாள் பார்ப்பார்கள். ஒரு மகளும் அப்படித்தான் தேவாரம் என்றார். வீட்டில் தேவாரம் போட்டபோது தாயார் பேசாமல் இருந்தாராம். ஒருநாள் பேரன் கைத்தொலைபேசியில் “சுராங்கனி”யைப் போட, அந்த அம்மா மேசையில் தாளம் தட்டி, சிங்கள வரிகளையும் விடாமல் பாடியிருக்கிறார். தன் தாய் பைலா பாடுவார் என்பதே மகளுக்கு அன்றுதான் தெரியும்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நாம் கேட்ட பாட்டுகளே மனதில் ஆழமாகப் பதிகின்றன. அல்சைமர் நோயில் பெயர்களும் அண்மைய நிகழ்ச்சிகளும் முதலில் மறந்துபோகும். பழகிய மெட்டு பல பேரில் நெடுநாள் தங்கியிருக்கும். பாட்டு நோயைக் குணப்படுத்தாது. ஆனால் பதற்றத்தைத் தணிக்கும், சாப்பிட மறுப்பவரை மேசைக்கு வரச் செய்யும், பேச்சற்ற வீட்டில் தாயும் மகளும் சேர்ந்து செய்ய ஒரு காரியத்தைத் தரும். அதற்கு அது அவருடைய பாட்டாக இருக்க வேண்டும். யாரோ தெரிவு செய்த “முதியோர் பாடல்கள்” போதாது.

அந்த அம்மாவின் பாட்டு எங்கிருந்து வந்தது? அறுபதுகளின் பிற்பகுதிக் கொழும்பை நினைத்துப் பாருங்கள். 1967இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு றேடியோ. நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டு, தங்கள் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்த அக்காமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கேட்டவை பெரும்பாலும் இந்தியச் சினிமாப் பாட்டுகள். சிங்களத்தில் கிளரன்ஸ் விஜேவர்த்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் கிற்றாரோடு புதுப் பாதை போட்ட அந்தக் காலத்தில் எங்கள் தமிழிலும் பொப் பிறந்தது.

நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைப் பைலாத் தாளத்தில் வைத்துப் பாடினார். “சின்ன மாமியே” இன்றும் கலியாண வீடுகளில் ஒலிக்கிறது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொன்ன பாட்டும் அவருடையதே. திருகோணமலை எம்.பி. பரமேஷ், எஸ். ராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் என்று ஒரு வரிசையே இருந்தது. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயர் பெற்ற ஏ.ஈ. மனோகரன் “சுராங்கனி”யைத் தமிழகத்துக்கும் கொண்டுபோனார். 1977இல் “அவர் எனக்கே சொந்தம்” படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தியதால், அது சினிமாவில் பிறந்த பாட்டு என்று எண்ணுபவர்களும் உண்டு. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

தொண்ணூறுகளில் நாங்கள் பள்ளிச் சுற்றுலா போனபோதும் பஸ் புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் பின் ஆசனத்திலிருந்து இந்தப் பாட்டுகள் கிளம்பிவிடும். பாடியவர் யார் என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

பெண்கள் கல்லூரியில் நின்றுகொண்டு இன்னொன்றையும் கேட்க வேண்டும். இந்தப் பாட்டுகளில் மாமி வருகிறாள், மாமியின் மகள் வருகிறாள், சுராங்கனி வருகிறாள். பாடிய பெண்கள் எங்கே? சிங்களப் பொப்பில் இந்திராணி பெரேராவையும், அவர் சகோதரிகள் மல்லிகா, இராங்கனி ஆகியோரோடு பாடிய “த்ரீ சிஸ்ரர்ஸ்” குழுவையும் பலர் அறிவார்கள். தமிழில் பெண் குரல்களுக்குப் பெரும்பாலும் இடம் கொடுத்தது வானொலியின் மெல்லிசை நிகழ்ச்சி. சக்திதேவி குருநாதன், ஜெகதேவி விக்னேஸ்வரன், அருந்ததி ஸ்ரீரங்கநாதன், கலாவதி, முல்லைச் சகோதரிகள் என்ற பெயர்களைச் சொன்னால் மூத்த அக்காமாரின் முகம் மலர்கிறது. என் வயதுக்காரருக்கு அவை புதிய பெயர்கள். என் மகள் வயதுப் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

1983 ஆடியில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது இசைத்தட்டுகளும் கசெற்றுகளும் சேர்ந்தே எரிந்தன. ஒரு பையோடு புறப்பட்டவர்கள் பாட்டுப் பெட்டியையா தூக்கிப் போனார்கள்? இன்று சில பாட்டுகள் யூரியூப்பில் கிடைக்கின்றன. பாடியவர் பெயர் இல்லாமல் பல. கிடைக்காதவை மூத்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அந்த நினைவு கலைவதை நான் கிழமைதோறும் பார்க்கிறேன். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன்.

முதலாவது, வீட்டுக்கு. தாயார் நல்ல நினைவோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். பதினாறு வயதில் என்ன பாடினீர்கள், யாரோடு, எந்தப் பாட்டுக்கு அப்பா ஏசினார் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள். நோய் வந்த பிறகென்றால் ஒவ்வொரு பாட்டாக, மெல்லிய சத்தத்தில் போட்டு முகத்தைப் பாருங்கள். கால் அசைந்தால் அது அவர் பாட்டு. முகம் வாடினால் உடனே நிறுத்துங்கள். சில பாட்டுகளோடு இழந்த வீடும் ஆட்களும் சேர்ந்து வருவார்கள்.

இரண்டாவது, சங்கத்துக்கு. ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இலண்டனிலோ இருக்கும் ஒவ்வொரு பழைய மாணவியும் மூன்று பாட்டுகளை எழுதி அனுப்பட்டும். பாட்டு, பாடியவர், எங்கே கேட்டது, கல்லூரியில் படித்த ஆண்டு. பெயர் தெரியாவிட்டால் நினைவிலுள்ள இரண்டு அடியைப் பாடி ஒலிப்பதிவாக அனுப்பலாம். வேறொரு அக்கா அடையாளம் சொல்வார். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் சேர்த்துக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். பரிசளிப்பு விழாக்களின் விபரம் இந்த மலரில் இருக்கிறது. நாங்கள் என்ன பாடிக்கொண்டு வளர்ந்தோம் என்பதும் எங்காவது இருக்கட்டும்.

பட்டியலைத் தேநீர் இடைவேளையிலேயே தொடங்கலாம். வாசல் மேசையில் கொப்பியும் பேனாவும் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் மூத்த அக்காமார் முதலில் எழுதுங்கள்.